வெயிலில் வைத்த பச்சைச் சாறு

முருங்கைக் கீரையை ஸ்பிரிட்டில் அரைத்து வடிகட்டினால் கண்ணாடிக் குழாயில் பச்சைச் சாறு நிற்கும். இருட்டறையில், ஜன்னல் இடுக்கு வழியே விழும் வெயிலில் அதைப் பிடித்து, வெயில் படும் பக்கமிருந்து பார்த்தால் அதே சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். ஐம்பதுகளின் கடைசியில், அரிமளம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் அதைக் காட்டியபோது, கணக்கு வாத்தியாரான நான் வாயைப் பிளந்து நின்றேன். "வாங்குன வெளிச்சத்துல கொஞ்சத்த எலை திருப்பித் தருது சார்" என்றார்.

டீச்சருக்கு அது தற்காலிக வேலை. ஆவுடையார்கோவிலில் படுத்த படுக்கையாய்க் கிடந்த தகப்பனார் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார். வேலை நிரந்தரமாவது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எழுதும் குறிப்பைப் பொறுத்தது. அவர் வரும் நாளில் இந்தச் சாற்றைக் காட்டுவதென்று டீச்சர் முடிவு செய்திருந்தார்.

அன்று காலை டீச்சர் வகுப்பில் இருந்தார், எனக்கு ஓய்வு. சும்மா இருக்க மாட்டாத ஆள் நான். வத்தல் காயவைக்கும் புத்திதானே நமக்கு! வெயில் ஏற ஏறச் சிவப்பும் ஏறும் என்று நினைத்து, இருட்டு அலமாரியிலிருந்த குழாயை எடுத்து முற்றத்தில் வைத்தேன். போதாதென்று பூதக்கண்ணாடியையும் நேராகப் பிடித்து வெயிலைக் குவித்தேன். இன்ஸ்பெக்டர் கார் வந்த சத்தம் கேட்டதும், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

டீச்சர் குழாயை வெயிலில் பிடித்தார். சிவப்பு வரவில்லை. சாறு பழுத்து, ஆறிப்போன கஷாயம்போல் இருந்தது.

"என்னம்மா, ஒண்ணும் தெரியலியே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெயில் பட்டிருக்குங்க. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார் டீச்சர்.

வாசலில் நின்றிருந்த நான் பூதக்கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அடுத்த ஜூனில் அவருக்கு வேலை இல்லை. விடைபெற வந்தவர், "வாரேன் சார்" என்றார். பிறகு, "இனிமே யாருக்காச்சும் ஒதவுறதுன்னா, ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யுங்க" என்றார். கோபமே இல்லை. எனக்கும் அழுகை வரவில்லை. உடம்பு மரத்துப்போனதுபோல் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை அது முழுதாகத் தெளியவில்லை.

போன வாரம் என் மகன் பத்திரிகையிலிருந்து படித்துக் காட்டினான். இலைமேல் லேசர் ஒளியை அளவுக்கு மீறிப் பாய்ச்சினால், அதன் சிவப்பு ஒளிர்வு மங்கிவிடுகிறதாம்.

"தெரியும்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவனிடமும் நான் சொல்லவில்லை.