பழைய இரைச்சலுக்குத் தோண்டிய புதுக் குழி

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன். வாசிப்பேன் என்பதைவிட, மற்றவர்கள் பாடும்போது நானும் கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருப்பேன் என்று சொன்னால் பொய் கொஞ்சம் குறையும். விரல் எட்டாத இடத்தைக் கருவி எட்டிவிடும் என்று நம்புகிற வயது அப்போது எனக்கு. முப்பத்தெட்டு.

இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டிய ஏதோ ஒரு வருடம். மஸ்கட்டில் வேலை பார்த்த என் மைத்துனன் லீவுக்கு வந்தபோது, கிட்டாரை லேப்டாப்பில் இணைக்கிற சின்னப் பெட்டியையும் ஒரு மென்பொருளையும் கொண்டுவந்தான். கிட்டாரிலிருந்து வரும் மெலிந்த ஓசையை, ஸ்பீக்கருக்குப் போகும் முன்னால் ஊட்டிக் கொழுக்கவைக்கிற கருவிக்கு ப்ரீஆம்ப் என்று பெயர். அந்தக் காலத்து ப்ரீஆம்ப்களில் கண்ணாடி வால்வுகள் சிவந்து எரியும். அவற்றின் ஓசைக்கு ஒரு வெதுவெதுப்பு உண்டு என்பார்கள். அந்தப் பழைய பெட்டிகளைக் கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே நகலெடுத்ததுதான் இந்த மென்பொருள்.

திறந்தால் திரை முழுக்க ஒரு சாம்பல் நிறப் பெட்டியின் படம். ஆறு குமிழ்கள், துருப்பிடித்த நான்கு திருகாணிகள், ஒரு சிவப்பு விளக்கு. விளக்கைப் போட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பேன். என் மனைவி செவிலியர். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

“என்ன, ஒண்ணும் வாசிக்காம இருக்கீங்க?”

“வால்வு சூடேறட்டும். பத்து நிமிஷம் ஆகும்.”

“படத்துக்கு என்னத்துக்குச் சூடேறணும்?”

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் வாசித்தேன்.

ஆறாவது குமிழுக்கு ‘வயது’ என்று பெயர். பூஜ்யத்தில் வைத்தால் பெட்டி நேற்றுச் செய்தது மாதிரி ஒலிக்கும். பத்தில் வைத்தால் ஐம்பது வருடம் அடிபட்ட கிழட்டுப் பெட்டியின் முனகல், கரகரப்பு எல்லாம் சேர்ந்து வரும். நான் பத்தில் வைத்தேன். பழையது என்று முடிவாகிவிட்ட பிறகு ஏன் குறைக்க வேண்டும்? “ஆஸ்பத்திரியில ஆளுகளுக்கு வயசக் கொறைக்க வழி உண்டான்னு நாங்க கெடந்து பாடுபடுதோம். நீங்க கூட்டிக்கிட்டு இருக்கீங்க” என்றாள் மனைவி. வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் அந்த முனகல், தூரத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடுவதுபோல இதமாகக் கேட்டது.

சபையின் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, எல்லாவற்றையும் சர்ச்சுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கோயிலுக்கு, தூக்கிப்போனேன். மைக் செட் போட வந்தவன் புதுக்கடை ஊர்க்காரன், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். ஆள் உயரத்துக்கு நான்கு ஸ்பீக்கர்களை நிறுத்தியிருந்தான். என் லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து வந்த வயரை அவன் மிக்சரில் குத்தியதும் கோயிலே ‘ம்ம்ம்ம்ம்’ என்றது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மேடையில் காணிக்கையாகச் சார்த்தியிருந்த வாழைக்குலைகூட அதிர்ந்ததாக எனக்குத் தோன்றியது.

“ஏலே மக்கா, என்னத்தலே கொண்டுவந்த? ஒனக்க பெட்டியில ஏதும் கொறை உண்டா?”

“புத்தம் புதுசாக்கும்” என்றேன், மிடுக்காக. அந்த நேரத்தில் நான் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். வீட்டில் கேட்ட இதமான முனகலும் இந்தப் பூதமும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அப்ப கரண்டுதான். சார்ஜரக் கழத்து, பாக்கட்டும்.”

கழற்ற முடியாது. என் லேப்டாப்பின் பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் திரை அணைந்துவிடும். அவன் மின்விசிறிகளை அணைத்தான், டியூப் லைட்டுகளை அணைத்தான், வயர்களை மாற்றினான். பூதம் அசையவில்லை. கடைசியில் வெளியே போய்ச் சுவரோரம், கரண்டுக் கசிவை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பியைப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னான்.

“எர்த்து செத்துக் கெடக்கு. குழி தோண்டணும்.”

சபைக் கமிட்டியில் இருந்து நாலு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். இரண்டடி தோண்டியதும் பாறை. “இதுக்கு மயிலாடியில இருந்து கல்லு கொத்துத ஆளுதான் வரணும்” என்று ஒருவர் சலித்துக்கொள்ள, குழியை நான்கடி தள்ளி மறுபடியும் தொடங்கினார்கள். நான் கணக்கு வாத்தியார் என்பதால் என்னை யாரும் மண்வெட்டி பிடிக்கச் சொல்லவில்லை. உள்ளே லேப்டாப்பின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

பொழுது போகாமல் கிட்டார் வயரை உருவினேன். இரைச்சல் நிற்கவில்லை. மைத்துனன் தந்த சின்னப் பெட்டியையும் லேப்டாப்பிலிருந்து பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை. ஒரு சந்தேகத்தில் வயதுக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். கோயில் கல்லறைபோல அமைதியானது. பத்துக்குத் திருப்பினேன். ம்ம்ம்ம்ம்.

எர்த்து அல்ல, இந்தக் குமிழ்தான். சொல்லிவிடலாம் என்று வாசலுக்கு ஓடினேன். அங்கே நாலு பெரிய மனிதர்கள் இடுப்பளவு குழிக்குள் நின்றார்கள். ஒரு வீட்டிலிருந்து வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்திருந்தன. போதகர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், உங்க காதுக்குத்தான் நன்றி சொல்லணும். இந்தக் கோயில் மைக் எத்தன வருஷமா எனக்க உதட்டுல ஷாக் அடிக்குது தெரியுமா? நான் சொன்னப்ப ஒருத்தரும் கேக்கல.”

திறந்த வாயில் ஒரு துண்டு மரச்சீனியைப் போட்டு மூடிக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

கம்பியை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, மண்ணை மூடினார்கள். பிறகு தண்ணீர். முதல் வாளி ஊற்றியதும் வெளியிலிருந்து மைக் செட்காரன் கத்தினான்.

“கொறஞ்சுதா மக்கா?”

நான் குமிழை எட்டுக்குத் திருப்பினேன். “கொறையுது!”

வெளியே ஒரே ஆரவாரம். இரண்டாவது வாளிக்கு ஆறு. மூன்றாவதுக்கு நான்கு. ஒரேயடியாகப் பூஜ்யத்தில் வைத்திருக்கலாம். ஆனால் நம்பும்படி இருக்க வேண்டாமா? ஐந்தாவது வாளியோடு ஒழிந்தது என்று நினைத்தபோது, மவுஸ் வழுக்கிக் குமிழ் ஏழுக்குத் தாவிவிட்டது.

“கூடிப்போச்சே! என்னலே ஆச்சு?”

“இன்னும் ரெண்டு வாளி ஊத்துங்க!” என்றேன். பாவம், கிணறு தெருவுக்கு அந்தப்பக்கம்.

மறுநாள் ஆராதனையில் போதகர் உதட்டை மைக்கில் பட்டும் படாமலும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நன்றாக ஒட்டிவைத்தே பிரசங்கித்தார். எர்த் உண்மையிலேயே செத்துத்தான் கிடந்திருக்கிறது. அறிவிப்புகளின்போது என் நுண்ணிய காதைக் குறித்து இரண்டு நிமிடம் பேசினார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் அந்தக் குமிழ் எங்கே நின்றது என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மாலை மனசு கேட்காமல் புதுக்கடைக்குப் போனேன். அவன் ஷெட்டில் உட்கார்ந்து முழுவதையும் ஒப்பித்தேன்.

“அப்ப, நான் இருபது வருஷமா அடிச்சு வெரட்டுத இரைச்சல, ஒருத்தன் மெனக்கெட்டு இருந்து கம்ப்யூட்டர்ல செஞ்சு வச்சிருக்கானாக்கும்?”

“ஆமா.”

“அதை நீ வேணும்னே பத்துல வச்சியா?”

“ஆமா.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, ஷெட்டின் மூலைக்குப் போய், ஒரு கோழியை விரட்டி, அது அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டியை இழுத்து வந்தான். நிஜமான வால்வு ப்ரீஆம்ப். திரையில் இருந்ததைப் போலவே சாம்பல் நிறம், துருகூட உண்டு. மேலே வைக்கோலும் இரண்டு முட்டைகளும். முட்டைகளை எடுத்துவைத்துவிட்டுக் கரண்டு கொடுத்தோம். வால்வுகள் சிவந்தன. நான் இரைச்சலுக்காகக் காதைக் கொடுத்தேன். எதுவும் இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும்.

“முனகல் எங்கே?”

“பழுது பாத்து வச்சிருக்கேம்லா. முனகுத பெட்டிய எவன் வச்சிருப்பான்?”

அடுத்த வாரம் அவன் தன் கம்ப்யூட்டரிலும் அந்த மென்பொருளைப் போட்டுத் தரச் சொன்னான். எதற்கு என்று கேட்டதற்குக் கண்ணடித்தான். அதற்கடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில், யாரிடமும் சொல்லாமல், வயதுக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, போதகரின் மைக்கை அதன் வழியாக விட்டுவிட்டான். அந்த மெல்லிய குரல் கனத்து, பழைய ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் குரல்போல மண்டபத்தை நிறைத்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், “நம்ம ஐயாவுக்கு இப்பத்தான் பிரசங்கம் கைவந்திருக்கு” என்றார். நான் பப்படத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டபடி, ஆமாம் என்று தலையாட்டினேன்.