துரையம்மாவின் அருவிப் படம்

தேயிலை மலைச்சரிவில் விழுந்து கால் உடைந்தபின் பக்கத்து வீட்டு வேலாயியால் கொழுந்து பறிக்க முடியவில்லை. மானேஜர் துரையின் மனைவிதான், "பங்களா வேலைக்கு வா" என்று கூப்பிட்டுக்கொண்டார். மூன்று பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். வெள்ளைக்காரப் புண்ணியவதி, நன்றாக இருக்கட்டும்.

எழுபத்தேழாம் வருஷ மழைக்காலத்தில் துரையம்மா ஆபரேஷனுக்காகப் பினாங்குக்குப் புறப்பட்டார். அதற்கு முன் ஒரு படத்தை வேலாயியிடம் கொடுத்தார். ஜப்பான்காரர்கள் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தது. நீலமாக ஓர் அருவி, கீழே பாலம், அதில் குடையோடு இரண்டு பேர். பங்களாவின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றியிருந்தார்.

"செத்துப்போன என் அம்மா குடுத்தது, வேலாயி. உன் வீடு அடுப்பு சூடு, நல்லது. தண்ணி பட்டா போச்சு லா."

பிள்ளைகள் கை படாத இடம் சாமி மாடம்தான். முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைத்து வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், அருவிக்கு மேலேயும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். வெறும் காகிதத்தில்!

அலறல் கேட்டுக் கரண்டியோடு ஓடினேன்.

"கண்ண பொடனிலயா வச்சிருக்க? தொடைக்காதடி, கிழிஞ்சிரும்! புள்ளைங்க செஞ்சதுன்னு சொல்லிரு."

"சோறு போட்டவங்ககிட்ட பொய் சொல்லச் சொல்றியாக்கா?" என்று அழுதாள். வேலை போனால் அந்தக் காலோடு எங்கே போவாள்?

துரையம்மா இளைத்துப்போய்த் திரும்பினார். வேலாயி படத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். நானும் துணைக்கு நின்றேன்.

"பொட்டு ஏன்?" என்று கேட்டார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு உங்களயே நெனச்சிக்கிட்டு வச்சேம்மா. கை தவறிருச்சு. வேலைய விட்டு நிறுத்துனாலும் சரி."

துரையம்மா படத்தை வாங்கி அந்தப் பொட்டைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு வா" என்றார்.

படம் பொட்டோடேயே சட்டத்துக்குள் போனது.

எண்பத்தொன்றில் அவர்கள் ஒரேயடியாகச் சீமைக்குப் புறப்பட்டார்கள். சாமான்கள் லோரியில் போயின. அருவிப் படம் மட்டும் துரையம்மா மடியில் இருந்தது. கார் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் நின்றது.

"வேலாயி, கொஞ்சம் குங்குமம் குடு. வெள்ளிக்கிழமைக்கு வேணும்."

வேலாயி நொண்டிக் காலோடு உள்ளே ஓடி, சிமிழோடு கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டுச் சாமிகளுக்கு என் வீட்டுக் குங்குமம்தான்.