சடங்குக் கோயிலில் வந்த நடுக்கம்

கண்ணகை அம்மனை நம்பித்தான் எங்கள் வீட்டில் விளக்கேற்றுகிறேன். ஆனாலும் அந்தப் பயம் என்னை விடவில்லை. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இப்போதே சாகப்போகிறேன் என்று தோன்றும். அதற்கு ஆசுபத்திரியில் தந்த குளிசை குடித்து வந்தேன்.

போன வருடச் சடங்குத் திருவிழாவில், வாவிக்கரைக் கண்ணகை கோயிலில் பகல் பூசைக்கு நிற்க இடமில்லாத சனம். உடுக்கைச் சத்தம் ஏற ஏற எனக்கு நடுக்கம் தொடங்கிவிட்டது. வெளியே போகத் திரும்பினேன். என் நடுக்கத்தைப் பார்த்து யாரோ கத்தினார்கள்.

“அம்மாள் வந்திட்டா! வழி விடுங்க!”

வேப்பிலையைக் கையில் திணித்து, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, என்னை நடுவில் நிறுத்தினார்கள். ஒருநாளும் எனக்கு முகம் கொடுத்துப் பேசாத என் மச்சாள் காலில் விழுந்தாள்.

“தாயே, என்ட மகளுக்கு ஒரு புள்ளையக் குடு. வாக்குச் சொல்லு தாயே!”

“ஓம், தாறன்” என்றிருந்தால் விட்டிருப்பார்கள். அம்மாளின் பெயரில் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“இது அம்மாள் இல்ல மச்சாள். எனக்குப் பயத்தில வாற வருத்தம், ஆசுபத்திரிக் குளிசை குடிக்கிறன். மூச்சு முட்டுது, வெளியில விடுங்க.”

உடுக்கை நின்றது. மச்சாள் எழுந்து சேலையைத் தட்டினாள்.

“விசர்க் குளிசை குடிக்கிற பைத்தியத்துக்கு இங்க என்ன வேலை? இழுத்து வெளிய விடுங்க.”

சனம் சிரித்தது. கும்பிட்ட கைகளே என்னைத் தள்ளின.

நனைந்த சேலையோடு வாவிக்கரையில் குந்தியிருந்து மூச்சை இழுத்தேன். ஒருவரும் வரவில்லை. உள்ளே பூசை மறுபடி தொடங்கியது.

இப்போதும் அந்தக் கோயில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிடுகிறேன். அன்று அம்மாள் என்னோடு வெளியே வந்தாளா, பூசை நடந்த இடத்திலேயே இருந்துவிட்டாளா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.