எண்ணெய் தொடாத வான்கோழி

எங்கள் வீட்டு வான்கோழிச் சேவலுக்குப் பயந்த அளவுக்கு நான் வேறெதற்கும் பயந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கேற்றைத் திறந்தால் போதும், வாலை விரித்து, முகத்தைச் சிவப்பும் நீலமுமாக மாற்றிக்கொண்டு குளறியபடி வரும். வாப்பா அதை ஒரு பேட்டோடு சோடியாக வாங்கி வந்திருந்தார். பேட்டை ஒரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்து, மாட்டிறைச்சி சமைப்பதுபோலக் கட்டித் தேங்காய்ப்பால் விட்டு உம்மா ஆக்கினார். அடுப்பில் எவ்வளவு நேரம் கிடந்தும் அது இளகவில்லை. மென்று மென்று எல்லோருக்கும் தாடை வலித்ததுதான் மிச்சம். அதன் பிறகு சேவலைச் சாப்பாடாக யாரும் நினைக்கவில்லை. அது வளவின் முதலாளியாகிவிட்டது.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வந்தார். மாட்டிறைச்சி கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, பொரித்தது எதுவும் கூடாது என்று டொக்டர் சொல்லியனுப்பியிருந்தார். ஓட்டமாவடிக் கடைத்தெருவில் நடந்த கதையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சிரிக்கிற மனுஷன் அவர். இப்போது அவித்த மரக்கறியை யாரோ தன்னை ஏசிவிட்டது போலப் பார்ப்பார். இரண்டு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். ஆனால் பின்னேரங்களில் அவருடைய சட்டையில் கொத்து ரொட்டி வாசம் அடித்தது. ஒருநாள் உம்மா அந்தச் சட்டையைத் துவைக்காமல் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்று அழுததைப் பார்த்தேன். ஆனால் உம்மா வாப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குக் கோபம் வரும், கோபம் நெஞ்சுக்கு ஆகாது என்ற பயம்.

அந்த நேரத்தில்தான் சாச்சி குவைத்திலிருந்து லீவில் வந்தார். உம்மாவின் தங்கச்சி. அங்கே ஒரு பெரிய வீட்டில் பல வருஷமாகச் சமையல், குசினி முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. வந்து ஓரிரு நாளிலேயே எங்கள் வீட்டு நிலைமை அவருக்கு விளங்கிவிட்டது. பகல் சாப்பாட்டில் வாப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளியபோது, சாச்சி சாதாரணமாகக் கேட்டார்:

“மச்சான், அந்தச் சேவல எனக்குத் தாறீங்களா? ஒரு சொட்டு எண்ணெய் படாம ஆக்கித் தாறன்.”

“எண்ணெயும் பாலும் இல்லாம ஆக்கிறத்துக்கு, அது சும்மா உசிரோட இரிக்கட்டுமே.”

“திண்டு பாத்திட்டுச் சொல்லுங்க. புடிக்கல்லண்டா கொத்துக் கடைக்கே போங்க. நான் மறிக்கல்ல.”

கொத்துக் கடை என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார். அடுத்த நாள் பின்னேரம் வாப்பாவே கத்தியைத் தீட்டிச் சேவலை அறுத்துக் கொடுத்தார்.

அதன்பின் சாச்சி செய்ததெல்லாம் எனக்கு வித்தை போலிருந்தது. முதலில் தோலை முழுதாக உரித்தெடுத்தார். கொழுப்பெல்லாம் தோலில்தான் கிடக்கிறது என்றார். எலும்போடு நெஞ்சுப் பகுதியை எருமைத் தயிரில் போட்டு, உள்ளி, இஞ்சி, மிளகு, தேசிக்காய்ச் சாறு பிசைந்து விடியும்வரை ஊறவைத்தார். சுட்டெடுக்க எங்களிடம் அவண் இல்லை. சாச்சி அதற்காகக் கவலைப்படவில்லை. கல்யாணவீட்டுக்கு வைத்திருந்த பெரிய சட்டியில் ஆற்றுமணல் பரப்பி, மேலே கல் வைத்து, வாழையிலையில் பொதிந்த நெஞ்சை அதில் இருத்தி மூடினார். மூடிமேல் சிரட்டைத் தணல். தொடைகள் இன்னொரு சட்டியில் தக்காளியோடும், அவர் கொண்டுவந்த காய்ந்த தேசிக்காயோடும் மெல்ல வெந்தன. எலும்பில் முருங்கையிலை போட்டு ஒரு சூப். குரக்கன் மாவில் ரொட்டியும் சுட்டார்.

உம்மா பக்கத்தில் நின்று, “என்னகா இது, தண்ணிகூட ஊத்தல்லயே” என்று கவலைப்பட்டுக்கொண்டேயிருந்தார்.

“பொறுங்க ராத்தா. தயிர் பாத்துக்கொள்ளும்.”

நான் தணலுக்கு விசிறியபடி, “குவைத்திலயும் இப்பிடித்தானா சாச்சி?” என்று கேட்டேன்.

“அங்க முழுசா அவிச்சி, பெரிய தட்டில வெச்சி அனுப்பிற. ஒரு துண்டும் உடைக்கப்படாது. எல்லாரும் நல்லாரிக்கி எண்டுதான் சொல்லுவாங்க. மறுகா எலும்புதான் திரும்பி வாற.”

எலும்புதான் திரும்பி வரும் என்றால் எவ்வளவு ருசியாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பகல் தொழுகை முடிந்து வாப்பா வந்து உட்கார்ந்தார். வாழையிலையைப் பிரித்ததும் எழுந்த ஆவியில் வளவே மணத்தது. இறைச்சி விரல் பட்டதும் நார் நாராகப் பிரிந்தது. சாச்சி அதை வெள்ளரிக்காயோடும் புதினாவோடும் ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தார். வாப்பா ஒரு வாய் தின்றார். இரண்டாவது வாயும் தின்றார். சூப்பை உறிஞ்சினார். பிறகு கோப்பையை நீட்டி, “தங்கச்சி, இன்னொரு துண்டு வைங்க” என்றார். கொஞ்ச நேரத்தில், பழைய மாதிரி, கடைத்தெருவில் யாரோ சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சாச்சி லீவு முடிந்து போவதற்குள் கோழியையும் மீனையும் அதே முறையில் ஆக்க உம்மாவுக்குப் பழக்கிவிட்டார். வாப்பா பிறகு கொத்துக் கடைப் பக்கம் போகவில்லை. இன்றைக்கும் சுகமாக இருக்கிறார்.

சேவலை ஆக்கிய அன்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உம்மா சாச்சியைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, நல்ல நெஞ்சுத் துண்டாக எடுத்துக் கோப்பையில் வைத்தார். சாச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சின்னதாகப் பிய்த்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார்.

“ராத்தா,” என்றார் மெல்ல, “இத்தின வருஷம் ஆக்கினன். இதுர ருசி இப்பிடியா இரிக்கும்?”

உம்மா அவருடைய தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். சாச்சியின் கண் கலங்கியிருந்தது. சமையல் எங்கோ பிசகிவிட்டது என்று நினைத்து, நான் ஓடிப்போய் உப்புப் போத்தலை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.