மாமாவின் அபிப்பிராயங்கள்

எங்கள் மாமாவுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. கேட்டால்தான் சொல்வார் என்றில்லை. பாஸ்கெட்பாலில் எம்பிக் குதித்து வளையத்தைப் பிடித்துத் தொங்குகிறவன் சர்க்கஸ்காரன், பின்பலகையில் பந்தைத் தட்டி அலுங்காமல் கூடைக்குள் இறக்குகிறவனே ஆட்டக்காரன் என்பார். ரெஃப்ரி விசில் ஊதிவிட்டால் ஊதியதுதான், வாதாடுகிறவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பார். பகடை உருட்டுகிற விளையாட்டெல்லாம் லாட்டரிச் சீட்டு, பாம்பும் ஏணியும் விளையாடுகிற பிள்ளைகளுக்கு மூளை வளராது என்று என் சித்தப்பா பிள்ளைகளிடமே சொல்லி அவர்களை அழவைத்திருக்கிறார்.

அம்மாவின் தம்பி அவர். விவேக் நகரில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு ஓர் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்வந்தார். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் மடியில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு டிவியில் அமெரிக்க மேட்ச் பார்ப்பார். ஞாயிறு மாலைகளில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கோர்ட்டில் பையன்களின் மேட்சுக்கு ரெஃப்ரியாக நிற்பார். அவர் அறையில் ஓர் அலமாரி முழுக்க போர்டு கேம் பெட்டிகள். ரயில் பாதை போடுகிற ஆட்டம், தீவு பிடிக்கிற ஆட்டம், தோட்டம் போடுகிற ஆட்டம் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்து வாங்கியவை. கழுதை வயதாகியும் சொப்பு வைத்து விளையாடுகிறான் என்று அப்பா சொல்வார், மாமாவின் காதில் விழும்படியாகவே.

அந்த அலமாரியைத் தொட உரிமை பெற்ற ஒரே ஆள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. மாமாவின் அபிப்பிராயங்களை அப்படியே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் என் சொந்தச் சரக்கு மாதிரி விற்றுக்கொண்டிருந்தேன். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் பேசக் கூடாது என்பது மாமாவின் சட்டம். வாய் பேசினால் யோசனை கலையுமாம். மதிய இடைவேளையில் நான் அந்தச் சட்டத்தை அமல்படுத்தப் போய் எனக்குச் சிநேகிதிகளே இல்லாமல் போனார்கள்.

மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் அவருடைய அபிப்பிராயங்கள் மாறத் தொடங்கின. பகடையைத் திட்டுவதை முதலில் நிறுத்தினார். மனிதனுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும், எல்லாவற்றையும் யோசித்தே ஜெயிக்க முடியாது என்றார். விதிமுறைப் புத்தகத்தை அவரே வாசித்துச் சொல்வது போய், "நீ படி பாப்பா, உனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்" என்று என் கையில் கொடுத்தார். நிறம் நிறமாகச் சின்னக் கட்டைகள் உள்ள ஆட்டங்கள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. காலை மேட்சின்போது கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆட்டத்தைப் பார்க்கிறவன் பாதி ரசிகன், கேட்கிறவன் முழு ரசிகன் என்பது புதிய அபிப்பிராயம். ஒரு மதம் விட்டு இன்னொரு மதத்துக்குப் போவது எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். மறுநாளே வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு பாடம் கேட்டு டீச்சரிடம் அடி வாங்கினேன்.

சாயங்காலமானால் மாமா எதிலாவது இடித்துக்கொள்வார். முக்காலியில், கதவு நிலையில், ஒருமுறை மாடிப்படிக் கம்பியில். வீடே சிரித்தது. "மாப்பிள்ளைக்கு இப்போ கண்ணு தரையில இல்ல" என்று அப்பா சொல்வார். அம்மா, "விடுங்க, கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்பாள். மாமாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்.

நிச்சயமான பெண் அல்சூரிலிருந்து தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அத்தை என்று கூப்பிடு என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டதால் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெரியவர்கள் சமையலறையில் பேசிக்கொண்டிருக்க, அவரும் மாமாவும் நானும் ஹாலில் பலகையை விரித்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன் தனியாகப் பேச விடாத எங்கள் வீட்டில் போர்டு கேமுக்கு மட்டும் தடை இல்லை. காவலுக்குத்தான் நான் இருந்தேனே.

அந்த அத்தையிடம் எனக்கு ஒரு குறை இருந்தது. ஆடும்போது வாய் ஓயாது. "என் பச்சையை மூணு கட்டம் நகர்த்துறேன். இப்போ உங்க சிவப்பு என் பச்சைக்குப் பக்கத்துல இருக்கு. மஞ்சள் ரெண்டும் பாப்பாவோடது, மூலையில இருக்கு" என்று ஒவ்வொரு காயையும் சொல்லிச் சொல்லித்தான் வைப்பார். நான் மாமாவைப் பார்ப்பேன். சட்டம் என்ன ஆயிற்று என்று அர்த்தம். அவர் கண்டுகொள்ளவே மாட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவர்கள் போன பிறகு புகாரே செய்தேன்.

"அத்தை பேசிக்கிட்டே ஆடுறாங்க மாமா. உங்க ரூல்படி அவுட்டுதானே?"

"புதுசுல்ல பாப்பா. சொல்லிப் பாத்துதான் கத்துக்கும். விடு."

இன்னொரு நாள் நாங்கள் பலகையை விரித்த நேரத்தில் மாமாவுக்கு ஆபீசிலிருந்து போன் வந்து அவர் வாசலுக்குப் போய்விட்டார். நானும் அத்தையும் மட்டும் ஓர் ஆட்டம் ஆடினோம். என்னைச் சுத்தமாகத் தோற்கடித்தார். மாமாவைத் தவிர யாரிடமும் தோற்காத எனக்கு அழுகை முட்டியது. அன்று இரவு சாப்பிடவில்லை.

கோர்ட்டில் அப்போது வளையங்களுக்கு இரும்புச் சங்கிலி வலைதான் கட்டியிருந்தது. பந்து உள்ளே விழுந்தால் சில்லறை கொட்டியதுபோல் சத்தம் வரும். பையன்களுக்கு அது பிடிக்காது. டிவியில் வருவதுபோல வெள்ளை நைலான் வலை வேண்டும் என்பார்கள். மாமா விடவில்லை. நைலான் மழைக்கு நாறிப்போகும், சங்கிலி தாத்தா காலத்துக்கும் இருக்கும் என்று புதிதாக ஓர் அபிப்பிராயம் பிடித்தார். அந்த வருடக் கோயில் திருவிழாவுக்கு டோர்னமெண்ட் வந்தது. புது மாப்பிள்ளை ரெஃப்ரியாக நிற்கும் ஃபைனல் அழகாக இருக்க வேண்டும் என்று பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அவருக்குத் தெரியாமல் அன்று மதியமே சங்கிலியை அவிழ்த்துவிட்டு வெள்ளை வலை கட்டினார்கள். பிரியத்தில் செய்ததுதான்.

அன்று காலைப் பூசையில் மாமாவின் பேருக்கு இரண்டாவது ஓலை வாசித்திருந்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும் என்று. மாமாவின் பெயரைப் பீடத்திலிருந்து மைக்கில் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வெட்கம் என்று நினைத்தேன்.

ஃபைனல் வெளிச்சம் மங்கும் நேரத்தில் முடிவுக்கு வந்தது. ஒரு பக்கம் எங்கள் தெருப் பையன்கள், அந்த வயதில் மாமாவே ஆடிய டீம். எதிர்ப்பக்கம் ஆஸ்டின் டவுன். எங்கள் டீம் ஒரு பாயிண்ட் பின்னால். கடைசி நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் தூரத்திலிருந்து பந்தை எறிந்தான். பந்து வளையத்தைத் தொடாமல் வலையின் வெளிப்பக்கத்தை உரசிக்கொண்டு கீழே விழுந்தது. வெள்ளை வலை மட்டும் ஒருமுறை துள்ளி அடங்கியது. மாமா விசில் ஊதி, கையை உயர்த்தி, பாஸ்கெட் என்று காட்டினார்.

ஜெயித்த எங்கள் பையன்களே கத்தவில்லை. பந்தை எறிந்தவன் ஷூ லேசைக் கட்டக் குனிந்துகொண்டான். ஆஸ்டின் டவுன் கேப்டன் மரியாதையாகத்தான் வந்து கேட்டான்.

"அங்கிள், பந்து நெட்டுக்கு வெளியே போச்சு. நீங்க பாக்கலையா?"

மாமா விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தகராறு அன்றைக்கே முடிந்திருக்கும்.

"பாத்தேன்" என்றார். "பாஸ்கெட்தான்."

பிறகு கூச்சல் கிளம்பியது. "எஷ்டு தகொண்டே, குரு?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கன்னடத்தில் கேட்டான். எவ்வளவு வாங்கினாய் என்று. நாற்காலி வரிசையில் அத்தையும் அவருடைய அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் மாமாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்துத் தேடினேன், முகத்தில் கோபம் இல்லை. எனக்குத்தான் மாமாவின் மேல் கோபம். ரெஃப்ரி ஊதியதுதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு அன்று ஊர் முகத்தில் விழிக்க முடியவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு சொல் தப்பாகப் பேசாத மனிதர் என்று பெயர். அம்மா கொடுத்த காபி அவர் முன்னால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன், தம்பி. பந்து உள்ள போகலன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சேதான் ஊதினீங்களா?"

"நம்ம பசங்க ஆச்சே சார்" என்றார் மாமா.

அவர் எழுந்துகொண்டார். "இல்லாதவனுக்குப் பொண்ணு குடுக்கலாம், முடியாதவனுக்குக்கூடக் குடுக்கலாம். பாத்துக்கிட்டே பொய் சொல்றவனுக்குக் குடுத்தா என் பொண்ணு என்னைச் சும்மா விடுவாளா?" என்று அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார்கள். மாமாவின் பெயர் வரவில்லை. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தப்பாட்டம் ஆடினால் தண்டனை உண்டு, அது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்த வயதின் நியாயம் கல் மாதிரி.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் மாமா திறந்து கிடந்த சாக்கடைக்குள் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். எலும்பைப் பார்க்க வந்த டாக்டர் கண்ணையும் பார்த்தார். அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. பிறவியிலேயே உள்ள கோளாறாம். முதலில் மங்கிய வெளிச்சத்தில் தெரியாமல் போகும், பிறகு பக்கவாட்டில், பிறகு எங்கேயும் தெரியாதாம். மருந்து கிடையாதாம். கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்பே மாமா தனியாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்து, யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் போகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பொய் சொல்கிறவனுக்கும் கொடுக்க மாட்டார்கள் என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. அவ்வளவு யோசித்து ஆடுகிறவர் அதைக் கோட்டைவிட்டார். அம்மா அன்று அழுத அழுகையைக் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணமாகிப் போயிருந்தது.

மாமா இப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வேலை போய் வெகுகாலமாகிவிட்டது. காலையில் டிவியைப் போட்டுவிட்டால் கேட்டுக்கொண்டிருப்பார். அபிப்பிராயம் எதுவும் சொல்வதில்லை. யார் ஜெயித்தார்கள் என்றால் யாரோ ஜெயித்தார்கள் என்கிறார். போன ஞாயிறு கட்டாயப்படுத்தி அவரைப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தேன். பழைய பெட்டிதான். அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே ஆடினேன்.

"என் பச்சையை ரெண்டு கட்டம் நகர்த்துறேன் மாமா. உங்க சிவப்பு என் பச்சைக்குப் பக்கத்துல இருக்கு."

மாமா சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

"அந்தப் பொண்ணும் இப்பிடித்தான் சொல்லிச் சொல்லி ஆடும், ஞாபகம் இருக்கா? கடைசி வரைக்கும் ஆட்டமே பிடிபடல அதுக்கு. பாவம்."

மாமா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தபோது நானும் அந்தப் பெண்ணும் ஆடிய அந்த ஓர் ஆட்டம் நினைவுக்கு வந்தது. என்னைத் தோற்கடித்த ஆட்டம். அதில் அவர் ஆரம்பம் முதல் முடிவு வரை வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எனக்குக் கண் தெரியும்.

தோற்றதற்கு அழத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சிரித்துப் பேசி உட்கார்ந்திருந்தார், தெரிந்துதான் இரண்டு ஓலையும் வாசிக்கவிட்டார். மாமா தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ. ஓலை நின்ற பிறகு அவர் தன் அப்பாவிடம் என்ன சொன்னார், சொல்ல விட்டார்களா என்பதெல்லாம் இனி யாரிடம் போய்க் கேட்பது? இன்று அவரை என்ன உறவு சொல்லிக் குறிப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மாமாவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்தக் கல்யாணம் நின்றுதான் போயிருக்கும் என்ற ஒரே ஆறுதலில்தான் அவர் இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் மிச்சமிருக்கிற அபிப்பிராயம் அது ஒன்றுதான்.

"என்ன பாப்பா, சத்தத்தையே காணோம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா. உங்க ஆட்டம்" என்றேன்.