அம்மாவின் வலது தோள்

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவின் வலது தோள் இறுகிப்போனது. பாலிகிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, சிங்கப்பூரில் தோ பாயோவில் இருந்த எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் காலையும் மாலையும் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றுவாள். துடைப்பக் கட்டையை இரு கைகளாலும் பிடித்து மேலே தூக்குவாள். பாதி உயரத்திலேயே முகம் சுளித்துவிடும்.

அப்படியிருந்தும் எனக்குச் சடை பின்னும் வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சோபாவில் அமர்ந்து, என்னைத் தரையில் உட்காரவைத்துப் பின்னுவாள். நடுவில் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும்.

"வலிக்குதாம்மா? அப்பா பின்னட்டுமே."

"ஒண்ணும் இல்ல லா. தலைய ஆட்டாம உட்காரு."

இதற்கு நான்தான் வழி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஒரு சனிக்கிழமை அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், சமையலறைக் கத்தரிக்கோலால் சடையை நறுக்கினேன். ரிப்பனோடு அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

உள்ளே வந்த அம்மா காய்கறிப் பையைக் கீழே வைக்கவே மறந்துவிட்டாள்.

"யாரு உன்ன இப்படிச் செய்யச் சொன்னா?"

"உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்."

அவள் திட்டவில்லை. சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். மிச்ச முடியைச் சமப்படுத்த அப்பாதான் என்னைக் கடைக்கு அழைத்துப்போனார்.

திங்கட்கிழமை காலை நான் கண்விழித்து வந்தபோது, என் இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்; இடுப்புவரை முடி. அம்மா அவள் வீட்டில் கேட்டு வரவழைத்திருந்தாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். சில வாரங்களில் அவளுக்கு முக்காலி போடப்பட்டது. பிறகு நாற்காலி. எனக்கு என்றைக்கும் தரைதான் கிடைத்திருந்தது.

"அவளுக்கு மட்டும் ஏம்மா நாற்காலி?"

"இதுவும் எக்சர்சைஸ்தான்மா. வாரா வாரம் கை இன்னும் மேல போகணும்னு தெரபிஸ்ட் சொல்லியிருக்காங்க."

சடை பின்னுவது எக்சர்சைஸ் என்பதை நம்ப நான் தயாராக இல்லை. என்மேல் உள்ள கோபத்தைத்தான் அம்மா இவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெண்ணை நிற்கவைத்து, சோபாவில் உட்கார்ந்தபடியே அம்மா உச்சியிலிருந்து பின்னி முடித்தாள். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. முடித்ததும் தன் கையையே பார்த்துச் சிரித்தாள். அந்த நீண்ட முடியின் அழகில்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அன்று பள்ளிவரை அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்தேன்.