சந்திப்பு நிலையத்தில் இறங்கியவர்

பழைய ரயில் சங்கத்தின் கொட்டகையில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. சனி ஞாயிறு வந்துவிட்டால் நீராவி இஞ்சின் ஓட்டுவார். அதற்குச் சம்பளம் கிடையாது. சங்கத்தில் யாருக்குமே கிடையாது. "அஞ்சு நாள் மேலயும் கீழயும், ரெண்டு நாள் முன்னயும் பின்னயும். ஆக மொத்தம் நான் எங்கயும் போய்ச் சேர்றதில்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சங்கத்தின் பாதை ஒன்பது கிலோமீட்டர். லாபமில்லை என்று என்றைக்கோ கைவிடப்பட்ட கிளைப்பாதை அது. சங்கத்துக்காரர்கள் முட்புதரை வெட்டி, கட்டைகளை மாற்றி, ஓட்டிக் காட்டினார்கள். ஒரு முனையில் கொட்டகை. மறுமுனையில் தண்டவாளம் ஒரு கான்கிரீட் தடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். தடுப்புக்கு அப்பால் நூற்று எண்பது அடி புல்தரை. அதையும் தாண்டினால் மெயின் லைன், அதன் சந்திப்பு நிலையம். லிஃப்ட்காரர் ஒவ்வொரு முறையும் தடுப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இஞ்சினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுபோய் மாட்டி, வந்த வழியே திரும்புவார். அந்த நேரம் பார்த்து மெயின் லைனில் எக்ஸ்பிரஸ் ஒன்று அலட்சியமாகப் பறக்கும். பதினோரு வருடம் இப்படி.

அவரை அங்கே இழுத்து வந்தவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், பேச்சில் கெட்டிக்காரர், சங்கத்தின் தலைவர். தங்கையின் கல்யாணம் முடிந்த மறு மாதமே, "மாப்ளே, நீ மெஷினோட பாஷை புரிஞ்ச ஆளு. வா எங்கூட" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். லிஃப்ட்காரர் மூன்று வருடம் சாம்பல் அள்ளினார், ஐந்து வருடம் கரி தள்ளினார், பிறகுதான் ஓட்டும் இருக்கை. மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே கனவு: அந்த நூற்று எண்பது அடியைக் கடக்க வேண்டும், நம் வண்டி மெயின் லைனில் ஏறி, முப்பத்தொரு கிலோமீட்டர் ஓடி, நகரத்து நிலையத்தில் போய் நிற்க வேண்டும்.

ஆறு வருடம் மனு எழுதினார்கள். சக்கரங்களை அளந்தார்கள், பெட்டிகளின் பிரேக்கை மாற்றினார்கள், சிவப்பு சிக்னலைத் தாண்டினால் வண்டியைத் தானே நிறுத்தும் கருவியை இஞ்சினில் பொருத்தினார்கள். அதற்கு ஒயர் இழுத்தது லிஃப்ட்காரர்தான். இணைப்புத் தண்டவாளம் போட அனுமதி வந்த அன்று மச்சான் பொதுக்குழுவில் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "மெயின் லைன்ல முதல் வண்டியை ஓட்டப்போறது யாரு தெரியுமா? நம்ம லிஃப்ட்காரர்தான்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. லிஃப்ட்காரர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெயின் லைனில் ஓட்டுகிறவனுக்குப் பாதை மனப்பாடமாக இருக்க வேண்டும். புதன்கிழமை தோறும் வேலையை மாற்றிக்கொண்டு லிஃப்ட்காரர் நகரத்து உள்ளூர் ரயிலில் போனார். தலைவர் கையெழுத்திட்ட கடிதம் இருந்ததால் ஓட்டுநர் அறையில், பின்னால் மடக்கு இருக்கையில், வாய் திறக்காமல் உட்கார அனுமதித்தார்கள். மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. அறுபத்து மூன்று சிக்னல்கள். செங்கல் சூளைப் புகைபோக்கிக்கு எதிரே ஏற்றம் ஆரம்பம், அதற்கு முன்பே நீராவியைத் திறக்க வேண்டும். ஆற்றுப்பாலம் தாண்டியதும் இறக்கம், பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடி தண்ணீர் குறைந்ததுபோல் பொய் காட்டும், நம்பக் கூடாது. இப்படி நாற்பத்தொரு புதன்கிழமைகள்.

மனைவி டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். மாலையில் அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் கேள்வி கேட்பாள்.

"பால் பண்ணை தாண்டினா?"

"இடது பக்கம், வளைவுல. மரம் மறைக்கும். கடைசி நிமிஷம்தான் தெரியும்."

"அதுக்கு அடுத்தது?"

"அதை விடு, பசிக்குது."

"சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு கேட்டதில்லை. அவருக்கு அது புதுக் கல்யாணம்போல இருந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்தது, எழுத்துத் தேர்வும் முடிந்தது. முடிவு மட்டும் வரவில்லை. மச்சானிடம் கேட்டால், "ஃபைல் நகருது மாப்ளே. நீ நோட்டை முடி. அதுல எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடு, மனுவோட வைக்கணும்" என்பார். கொடுத்தார். கடைசி வாரம், "காகிதம் சந்திப்பு நிலையத்துக்கே வந்துடும்" என்றார். மச்சான் சொன்னால் அவருக்குச் சட்டம் சொன்ன மாதிரி.

மெயின் லைனில் முதல் ஓட்டத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஐந்து பெட்டிகளுடன் வண்டி புறப்பட்டது. பக்கத்தில் கரி தள்ளியவர், பள்ளியில் வேதியியல் நடத்தும் டீச்சர். சங்கத்திலேயே நெருப்பைக் கச்சிதமாக வைத்திருப்பவர். முதல் பெட்டியில் மனைவி. அதே பெட்டியில் விருந்தாளிகளோடு மச்சான். தடுப்பு இருந்த இடத்தில் இப்போது புதுச் சரளைக்கல். லிஃப்ட்காரர் வேகத்தைக் குறைத்து, அந்த நூற்று எண்பது அடியை நடக்கிற வேகத்தில் கடந்தார். சக்கரத்தின் சத்தம் மாறியது. கனமான தண்டவாளத்தின் சத்தம், இணைப்பு இடைவெளி இல்லாத சத்தம். "கேக்குதா டீச்சர்?" என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கரித்தூள்" என்றார்.

சந்திப்பு நிலையத்தின் மூன்றாம் நடைமேடையில் வண்டி நின்றது. ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிய ஒருவர் படியேறி வந்தார். பொறுமையான முகம்.

"வணக்கம் சார். இங்கேருந்து வண்டியை நான் எடுத்துக்கறேன்."

மேற்பார்வைக்கு வந்தவர் என்று நினைத்த லிஃப்ட்காரர் ஒதுங்கி இடம் விட்டார். "வாங்க வாங்க. மூணு பேர் தாராளமா நிக்கலாம்."

வந்தவர் தயங்கினார். "இல்ல சார்... உங்ககிட்ட சொல்லலையா? மெயின் லைன்ல, ஓட்ட உரிமம் உள்ள எங்க கம்பெனி டிரைவர்தான் ஓட்டணும்னு உங்க சங்கத்தோட ஒப்பந்தம். நீங்க இங்க இறங்கிக்கணும்."

"எப்பப் போட்ட ஒப்பந்தம்?"

"எட்டு மாசம் இருக்கும்."

நாற்பத்தொரு புதன்கிழமைகளில் முதல் ஆறோ ஏழோதான் நிஜம். மிச்சமெல்லாம்? அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் புதிய ஓட்டுநர் தன் அட்டையை ஜன்னலோரம் சாய்த்து வைத்தார். அதில் கிளிப் போட்டிருந்த தாள்களைப் பார்த்தார் லிஃப்ட்காரர். கோடு போட்ட தாளின் நகல். செங்கல் சூளைக்குப் பக்கத்தில் அவர் வரைந்த குட்டிப் புகைபோக்கிகூட அப்படியே இருந்தது.

"இதை எழுதினது யாருன்னு தெரியல சார்" என்றார் ஓட்டுநர், பேச்சை மாற்றும் எண்ணத்தில். "நாலு தடவைதான் இந்தப் பாதையில வந்து பார்த்தேன். இது மட்டும் இல்லேன்னா நாலு மாசம் ஆகியிருக்கும்."

லிஃப்ட்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

டீச்சர் கரி மண்வெட்டியைப் படாரென்று கீழே போட்டார். "நானும் இறங்கறேன். இவங்க யாரை வேணா வெச்சு ஓட்டிக்கட்டும்!"

"எரியுற அடுப்பை விட்டுட்டு இறங்காதீங்க டீச்சர்" என்றார் லிஃப்ட்காரர். மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினார்.

முதல் பெட்டி ஜன்னலில் மச்சான் தெரிந்தார். விருந்தாளி ஒருவருக்குச் சாமான் வைக்கும் பலகையின் வேலைப்பாட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமா ஒருவன் ஒரு பலகையைக் காட்டுவான்? திரும்பவே இல்லை.

மனைவி மட்டும் கீழே இறங்கி நின்றாள். தோளில் துணிப்பை. "வாங்க" என்றாள் மெதுவாக. "சட்டை கொண்டு வந்திருக்கேன், மாத்திக்கிடுங்க. பதினொண்ணு இருபதுக்குப் பஸ்."

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கரிபடிந்த கையோடு அதைத் தொடாமல் நின்றவருக்கு, அடுத்து அவள் பர்ஸிலிருந்து எடுத்த இரண்டு பஸ் டிக்கெட்டும் கண்ணில் பட்டன. முன்பதிவு டிக்கெட்.

"இதை எப்ப எடுத்தே?"

அவள் டிக்கெட்டை மடித்துப் பர்ஸுக்குள் வைத்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். எப்ப எடுத்தே?"

"வியாழக்கிழமை."

மச்சானின் பாராமுகத்தைத் தாங்கியவருக்கு அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை: அவளுக்கும் முன்பே தெரியும்.

சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. அப்போதுதான் அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் வலது பக்க இன்ஜெக்டர், தொட்டித் தண்ணீர் சூடேறினால் மக்கர் பண்ணும். அது நோட்டில் இல்லை. நோட்டு பாதையைப் பற்றியது. சொல்லாமல் விட்டால், செங்கல் சூளை ஏற்றத்தில் அத்தனை விருந்தாளிகளுக்கு முன்னால் வண்டி மூச்சு வாங்கி நிற்கும். மச்சானின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். அந்த ஆசை ஒரு நிமிடம் நாக்கில் தித்தித்தது. ஆனால் உள்ளே டீச்சர் இருக்கிறார், தண்ணீர் வற்றினால் வெடிக்கும் பாய்லர் இருக்கிறது. திரும்பிப் போய்ப் படியில் நின்றுகொண்டே சொன்னார். "வலது இன்ஜெக்டர் ஏற்றத்துல பிடிக்காது. பின்னால ஒரு வாளி தண்ணி வெச்சிருக்கேன், அதை இன்ஜெக்டர் மேல ஊத்தி ஆற வெச்சுட்டுத் திறங்க. இல்லேன்னா இடதுலயே ஓட்டுங்க."

"ரொம்ப நன்றி சார்" என்றார் ஓட்டுநர். அவர் மேல் என்ன தப்பு.

வண்டி கிளம்பியது. லிஃப்ட்காரர் கையசைக்கவில்லை. சட்டையும் மாற்றவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வந்த ஒருவர் அவர் கோலத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போய்விட்டார்.

"ஆறு மாசமாத் தெரியும்" என்றாள் மனைவி, பாதி வழியில். "அண்ணன் சொல்லக் கூடாதுன்னான். நீங்க ஒவ்வொரு புதன்கிழமையும் அவ்வளவு சந்தோஷமா வந்து நின்னீங்க. என் வாயால எப்படிக் கெடுக்கறதுன்னு..."

"கேள்வி கேட்டியே. அடுத்த சிக்னல் என்ன, அதுக்கடுத்தது என்னன்னு. அது?"

"அது நிஜமாத்தாங்க கேட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு அவர் போனார். முதல் ஓட்டம் அமோகம் என்று தீர்மானம் வாசித்தார்கள். லிஃப்ட்காரர் எழுந்தார். சண்டை வரும் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட தேதி என்ன? தலைவர் அதைச் சத்தமா வாசிக்கணும். குறிப்பேட்டுல ஏறணும்."

மச்சான் சமாளித்துப் பார்த்தார், காகிதம் கையில் இல்லை என்றார். டீச்சர் எழுந்து போய் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து மேஜையில் வைத்தார். மச்சான் தேதியை வாசித்தார். நிர்வாகக் குழுவின் பதினொரு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். பதினொரு பேருக்கும் தெரிந்திருக்கிறது என்று அந்த நொடி அறைக்கே விளங்கிவிட்டது.

வாசலில் மச்சான் ஓடி வந்து தோளைத் தொட்டார். "மாப்ளே, சங்கத்துக்காகத்தான் செஞ்சேன். கம்பெனிக்காரன் பிடிவாதமா நின்னான், ஒத்துக்கலேன்னா மொத்தமும் போயிருக்கும். பாதைக் குறிப்பும் கேட்டான். உன்னை விட்டா யாரு எழுதுவா? உண்மையைச் சொன்னா நீ பாதியில விட்டுருப்பே."

"கேட்டிருந்தா எழுதியிருப்பேன் மச்சான்" என்றார் லிஃப்ட்காரர். "ஓட்டப்போறது நான் இல்லேன்னு தெரிஞ்சே எழுதியிருப்பேன். பத்தொம்பது வருஷத்துல அதுகூட உனக்குத் தெரியலியே."

லிஃப்ட்காரர் கொட்டகைச் சாவியை மச்சானின் சட்டைப் பையில் போட்டுவிட்டு நடந்தார்.

சங்கத்து வண்டி இப்போது மாதம் இரண்டு முறை நகரத்துக்குப் போகிறது. எப்போதும் நிறைந்த கூட்டம். டீச்சர் இன்னும் கரி தள்ளுகிறார். மச்சான் அடுத்த தேர்தலிலும் போட்டியின்றித் தலைவரானார். உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை.

வீட்டில்தான் ஒன்று நின்றுபோனது. லிஃப்ட்காரர் மனைவியோடு பேசாமல் இல்லை. காய்கறி, மின்சாரம், ஒழுகும் குழாய் எல்லாம் பேசுவார். அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வது மட்டும் இல்லை. "இன்னைக்கு எந்தக் கட்டடம்?" என்று அவள் கேட்டால், "ஏதோ ஒண்ணு" என்பார். ஒரு நாள் லிஃப்டுக்குள் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்ததும் அவரைக் கட்டிக்கொண்டு அழுத பெரியவரின் கதையைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து, மூடிப்போன சிமெண்ட் ஆலை ஒன்றின் வளாகத்திலிருந்து அழைப்பு வந்தது. நாலு கிலோமீட்டர் குறுகிய பாதை, ஒரு குட்டி இஞ்சின், ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. சுற்றிச் சுற்றி வரும் பாதை. எந்த மெயின் லைனோடும் சேர வழியே இல்லை. அதைக் கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை காலை அவர் பையை எடுக்கும்போது மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "நானும் வரட்டுமா?"

லிஃப்ட்காரர் ஷூ கயிற்றைக் கட்டி முடித்தார். மற்ற காலுக்கும் கட்டினார்.

"இந்த வாரம் வேணாம்" என்றார்.

அவள் சரியென்று தலையசைத்தாள். அடுத்த வாரமும் கேட்டாள். அவர் அப்போதும் வேண்டாம் என்றார். அவள் கேட்பதை விடவில்லை.